யாக்கையின் வாகும் தில்லியின் பருவமும்

‘எனக்குப் பித்த உடம்பு’, ‘அவனுக்குச் சீதள உடம்பு’, ‘வாயு உடம்புக்காரிக்கு வாழைக்காய் ஆகாது’ என்னும் சொற்கள் ஒலிக்காத தமிழ் இல்லம் அரிது. ஊரிலிருந்து வடகமும் அப்பளமும் புகைவண்டி ஏறி வந்ததுபோல் இச்சொற்களும் நம்மோடு தில்லிக்கு வந்து சேர்ந்தன. இங்கே பிறந்து, இந்தியில் கனாக் காணும் நம் பிள்ளைகளும் தலை வலித்தால் ‘பித்தம்’ என்றே கூறுகின்றனர். இவற்றின் பொருள் யாது, இவற்றை எவ்வளவு நம்பலாம் என்று அன்பர்கள் சிலர் வினவியுள்ளனர். ஆதலின் இத்திங்கள் இப்பகுதியில் உடல்வாகு பற்றிச் சில கூற விழைகின்றோம்.

வினா எழுந்ததற்குக் காரணமும் உண்டு. 2024ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், நம் நகரின் சரிதா விகாரில் உள்ள அகில இந்திய ஆயுர்வேத நிறுவனத்தில், நாட்டு மக்களின் ‘பிரகிருதி’யை, அதாவது பிறவி உடலியல்பை, கணிக்கும் பேரியக்கம் ஒன்றைப் பிரதமர் தொடங்கி வைத்தார். நவம்பர் 26 முதல் டிசம்பர் 25 வரை தொண்டர்கள் கைப்பேசிச் செயலியுடன் மக்களை நாடிச் சென்று, பசி, உறக்கம், தோல், நடை, பேச்சு இவை பற்றிய வினாக்களைத் தொடுத்தனர். ஒரு கோடிக்கு மேற்பட்டோர் இதில் பங்குகொண்டனர். அதன்பின் நம் குடும்பங்களில் பலர் தம்மை ‘வாதர்’, ‘பித்தர்’, ‘கபர்’ என்று அழைத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டனர். சோதிடர் குறித்துக் கொடுத்த இராசியைப் போல் இதனையும் சிலர் போற்றுவதைக் காண்கிறோம்.

நூல்கள் கூறுவதை முதலில் நோக்குவோம். வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றும் உடலை இயக்குகின்றன என்பது ஆயுர்வேதத்தின் அடிப்படை. நம் சித்த மருத்துவத்தில் இவற்றை வளி, அழல், ஐயம் என்று அழகிய தமிழில் வழங்குவர். உடல்வாகு பற்றிய பகுதியை ‘யாக்கை இலக்கணம்’ என்பர். கருவுறும் பொழுதிலேயே இம்மூன்றின் அளவு அமைந்துவிடுகிறது என்றும், தாயின் உணவும் ஒழுக்கமும் பருவமும் அதனைத் திருத்துகின்றன என்றும் கொள்வர். வளி மிக்கவர் மெலிந்தவர், தோல் வறண்டவர், விரைந்து நடப்பவர், விரைவில் கற்று விரைவில் மறப்பவர். அழல் மிக்கவர் பசி பொறாதவர்; வியர்வை மிகுந்தவர்; இளமையிலேயே நரைப்பவர். ஐயம் மிக்கவர் திரண்ட உடலினர், அமைந்த நடையினர், மெதுவாகக் கற்று நெடுநாள் நினைவில் வைப்பவர். தனித்தனியே மூன்று, இரண்டிரண்டாய்க் கலந்தவை மூன்று, மூன்றும் ஒத்தது ஒன்று என வாகுகள் ஏழு.

இங்கே நம்மிற் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. ஏதேனும் ஒரு வாகினராய் இருத்தல் பெருமைக்குரியது என்று சரகர் கருதவில்லை. மூன்றும் ஒத்து அமைந்தவரே நோயற்றவர்; வாதம் முதலிய ஒன்று மிகுந்தவர் எப்பொழுதும் ஏதோ ஓரளவு நோயுற்றவரே என்பது சரக சங்கிதையின் சூத்திரத்தானத்துக் கூற்று. ‘நான் அசல் பித்தன்’ என்று மார்தட்டுவார் இதனைச் சிந்திப்பாராக.

அசல் வாகினர் அத்துணை எளிதில் கிடைப்பவரும் அல்லர். ஐதராபாத்தில் உள்ள உயிரணு, மூலக்கூற்று உயிரியல் மையத்தார் தலைமையில் நடந்த ஆய்வொன்று 2015இல் வெளியாயிற்று. 3416 ஆடவரைச் சோதித்து, இன்ன வாகினர் என்று தெளிவாக வகுக்கத்தக்கவராய் அவர்கள் எடுத்துக்கொண்டவர் 262 பேர். பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்னும் அளவுகூட இல்லை. நம்மில் மிகப் பலர் கலப்பு வாகினர் என்பது இதனாலும் விளங்கும். கைப்பேசி ஒரே சொல்லில் தீர்ப்பளிக்கும்போது இதனை மறத்தல் கூடாது.

பிரகிருதி ஒன்றையே பார்த்து மருந்து கொடுக்குமாறு நூலும் கூறவில்லை. நோயாளியிடம் ஆராய வேண்டியவை பத்து என்று சரகர் விமானத்தானத்தில் வகுக்கிறார். முதலாவது பிரகிருதி, இரண்டாவதே ‘விகிருதி’, அஃதாவது இப்பொழுது நேர்ந்துள்ள மாறுபாடு. பின்னர் உடற்கட்டு, அளவு, பழகிய உணவு, மனத்திண்மை, செரிக்கும் ஆற்றல், உழைக்கும் ஆற்றல், வயது எனத் தொடர்கின்றன. ஐய வாகினர் ஒருவருக்கு அழலால் காய்ச்சல் வரலாம். அப்பொழுது தணிக்க வேண்டியது அழலை. வாகு வேறு, வந்த நோய் வேறு. திருவள்ளுவரும் ‘மருந்து’ அதிகாரத்தில், வளி முதலிய மூன்றும் மிகினும் குறையினும் நோயாம் என்று தொடங்கினாரேனும், மருத்துவன் கருத வேண்டியவற்றைச் சொல்லுமிடத்து நோயாளியின் நிலை, நோயின் நிலை, காலத்தின் நிலை என மூன்றையும் சேர்த்தே சொன்னார்.

நம் கரோல்பாக் அன்பர்கள் நாள்தோறும் கடந்து செல்லும் ஆயுர்வேத யூனானித் திப்பியாக் கல்லூரியை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். 1916 மார்ச்சில் வைஸ்ராய் ஹார்டிஞ்சு பிரபு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1921 பிப்ரவரி 13ஆம் நாள் காந்தியடிகள் அதனைத் திறந்து வைத்தார். அதனை உருவாக்கியவர் ஹக்கீம் அஜ்மல்கான். ஒரு வளாகத்தின் ஒரு பால் வாதம், பித்தம், கபம் என மூன்று கற்பிக்கின்றனர். மற்றொரு பால் குருதி, கோழை, மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என நான்கு கற்பிக்கின்றனர். இந்நான்கும் கிரேக்க நாட்டு இப்போகிரேட்டசும் காலெனும் வகுத்து, அரபு நாட்டு அறிஞர் வழியே இந்தியா வந்தவை. மனிதரை வகைப்படுத்தி அறியும் ஆசை ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு அக்கல்லூரியே சான்று. அடிகள் திறப்புவிழாவில் வெறும் புகழுரை பேசிச் செல்லவில்லை. மேனாட்டு அறிவியலாரின் ஆராயும் வேட்கையைப் பாராட்டி, நம் வைத்தியரும் ஹக்கீம்களும் அவ்வேட்கையின்றிப் பழைய முறைகளை வினவாமலே பின்பற்றுகின்றனர் என்று கடிந்தும் உரைத்தார். விழா எடுத்தவர்களின் முகத்துக்கு நேரே இதனைக் கூறுதற்குத் துணிவு வேண்டும்.

அவ்வேட்கை பின்னர் நம் நகரிலேயே ஒருவாறு தோன்றியது. மரபணுவியல், ஒருங்கிணைந்த உயிரியல் ஆகியவற்றுக்கான மத்திய அரசு ஆய்வு நிறுவனம் தில்லியில் உள்ளது. அங்கே மிதாலி முகர்ஜி என்னும் மரபணு அறிஞரும், ஆயுர்வேதம் பயின்ற பாவனா பராசரும் சேர்ந்து, தெளிந்த வாகுடையவராய்த் தேர்ந்த நலமுடையோரின் குருதியை ஆராய்ந்தனர். வாகுக்கு வாகு சில மரபணுக்களின் செயலில் வேறுபாடு உண்டு என்று 2008இல் வெளியிட்டனர். 2010இல் வெளிவந்த அடுத்த ஆய்வு இன்னும் சுவையானது. உயிர்க்காற்றுக் குறைவை உடல் உணர்வதற்குத் துணைசெய்யும் மரபணு ஒன்றில் பித்தருக்கும் கபருக்கும் வேறுபாடு காணப்பட்டது. கபரிடம் மிகுந்து காணப்பட்ட வடிவமே, மலையுச்சிக்குச் சென்று நுரையீரலில் நீர் கோத்தவரிடமும் மிகுந்திருந்தது; உயரத்திலேயே பிறந்து வாழும் மக்களிடம் அது குறைவு. கோடை விடுமுறைக்கு லடாக் செல்லும் நம் இளைஞர்கள் இதனைப் படித்துவிட்டு, ‘நான் பித்தன், எனக்கு மூச்சு முட்டாது’ என்று ஒரே நாளில் கணவாய் ஏறப் புறப்பட வேண்டா. ஆய்வு கண்டது கூட்டத்தின் போக்கு. தனி ஒருவர்க்குரிய உறுதிமொழியன்று.

ஆய்வின் மறுபக்கத்தையும் மறைத்தல் நேர்மையாகாது. ஒரே மனிதரைப் பல ஆயுர்வேத மருத்துவர்கள் தனித்தனியே பார்த்தால் ஒரே முடிவுக்கு வருகின்றனரா என்று சோதித்து 2013இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. முடிவுகள் பெரிதும் ஒத்துவரவில்லை. இரண்டு வைத்தியரிடம் சென்று இரண்டு வாகு பெற்று வந்த நம் அன்பர்களுக்கு இது வியப்பளிக்காது. ஆகவே, கருதுகோள் ஆராயத்தக்கது. கணிக்கும் கருவி இன்னும் கூர்மை பெறவில்லை என்பதே நம் கருத்து.

கூர்மை பெறாத கருவியைக் கொண்டு உயிரோடு விளையாடுவோரும் உளர். நமக்கு நன்கு அறிமுகமான மூத்த அன்பர் ஒருவர், பெயர் வேண்டா. பல ஆண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை உட்கொண்டு வந்தார். கைப்பேசியில் எங்கோ கண்ட இருபது வினாக்களுக்கு விடையளித்துத் தாம் கப வாகினர் என்று முடிவு செய்தார். கபத்துக்குக் கசப்பும் துவர்ப்பும் நன்று என்று படித்தார்; மாத்திரையை நிறுத்தினார்; காலையில் பாகற்சாறு, மாலையில் வெந்தயம். வீட்டிலுள்ளோரிடம் சொல்லவில்லை, சொன்னால் தடுப்பார்கள் அல்லவா? மூன்றாம் திங்களில் செருப்புக் கடித்த புண் ஆறாமல் கால் கறுத்தது. இரண்டு விரல்களை இழந்தபின் காலையேனும் காத்துக்கொண்டார். அவர் நம்பிய நூல் அவருக்குச் சொன்னதுதான் யாது? நீரிழிவை உள்ளிட்ட ‘பிரமேகம்’ என்னும் நோய்த்தொகுதியைச் சரகர் கபத்தால் 10, பித்தத்தால் 6, வாதத்தால் 4 என 20ஆகப் பிரித்தார். பருத்த நோயாளிக்கு ஒரு முறையும் மெலிந்த நோயாளிக்கு வேறு முறையும் வகுத்தார். வினாத்தாளில் ‘கபம்’ என்று வந்தவுடன் பாகற்காய் தின்னச் சொல்லவில்லை.

மருந்துக் கடைகளைப் பற்றியும் ஒரு சொல். ஒவ்வொரு வாகுக்கும் ஒரு லேகியம், ஒரு குளிகை என்று இப்பொழுது விற்கின்றனர். 2004ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரச் சுற்றுவட்டாரக் கடைகளில் விற்ற தென்னாசிய ஆயுர்வேத மருந்துகள் 70ஐ வாங்கிச் சோதித்ததில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருக்கக் கண்டனர். உலோகப் பற்பங்களைச் சுத்தி செய்து முடிக்கும் முறை அறிந்த வைத்தியர் வேறு. கண்ணாடிப் புட்டியில் பெயர் ஒட்டி விற்பவர் வேறு. குழந்தைகளுக்கும் கருவுற்ற மகளிர்க்கும் இவற்றை வினவாமல் கொடுத்தல் கொடிது.

அவ்வாறாயின் வாகு பற்றிய அறிவால் பயனே இல்லையா எனின், உண்டு. அது அடுக்களையிலும் அன்றாட ஒழுக்கத்திலும் உண்டு. ஒருவரின் இயல்பை உருவாக்குவனவாகச் சரகர் ஆறு கூறுகிறார்: பிறந்த இனம், குலம், தேசம், காலம், வயது, தனக்கே உரிய தன்மை. நம் போன்று ஊர்விட்டு ஊர் வந்தோர் கவனிக்க வேண்டியவை தேசமும் காலமும். தஞ்சையிலும் நெல்லையிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்காலம். வடநூலார் ‘சரத்’ என்னும் அதே கூதிர்ப்பருவம் தில்லியில் வானம் தெளிந்து வெயில் சுள்ளென்று அடிக்கும் காலம். நூலில் சொன்ன ஆறு பருவமும் வரிசை பிறழாமல் வருவது வடநாட்டில்தான். நம் பாட்டியார் காவிரிக்கரையில் இருந்து சொன்ன பத்தியத்தை யமுனைக்கரையில் அப்படியே கடைப்பிடித்தால் பருவம் முரண்படும்.

தயிரை எடுத்துக்கொள்வோம், தயிர் இல்லாமல் தமிழர் உணவு முடியாதாகையால் இதனைச் சற்று விரித்தே கூறலாம். தயிர் குளிர்ச்சி, ஆகையால் கோடையில் நன்று, குளிரில் ஆகாது என்பது நம் இல்லங்களின் வழக்கு. ஆயுர்வேத நூலோ தயிரை வெம்மை வீரியமுடையது என்கிறது. கூதிர், முதுவேனில், இளவேனில் ஆகிய பருவங்களில் தயிர் பெரும்பாலும் தக்கதன்று என்பது சரகர் கொள்கை; இரவில் எப்பருவத்திலும் விலக்கு. நம் வழக்குக்கு ஏறக்குறைய நேர்மாறு! தயிர் வேறு, மோர் வேறு என்பதையும் மறத்தல் கூடாது. மோரை நீர் பெருக்கி அருந்தச் சொன்னவர் நம் தேரையர். தில்லியின் மே திங்களில் ‘லூ’ என்னும் அனற்காற்று வீசும்போது, கட்டித் தயிரைக் காட்டிலும் உப்பும் சீரகமும் இட்ட நீர்மோரும், பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மையார் செய்யும் மாங்காய்ப் பானகமும் தொண்டைக்கு இதமளிப்பதை நாம் பட்டறிந்துள்ளோம். கொள்கை எவ்வாறாயினும், தயிர்ச்சாதம் உண்டு எண்பது ஆண்டு வாழ்ந்த பாட்டியாரோடு நாம் வாதிடப் போவதில்லை. பழகிய உணவு என்பதும் அப்பத்தில் ஒன்றல்லவா?

எண்ணெய்க் குளியலிலும் இத்தகைய முரண் ஒன்று. சனவரியில் வெப்பநிலை 4, 5 பாகைக்கு இறங்கும்போது ‘சளி பிடிக்கும்’ என்று நம்மவர் நல்லெண்ணெயை ஒதுக்கிவிடுகின்றனர். நூலோ முன்பனிக் காலத்துக்கே உடலிலும் தலையிலும் எண்ணெய் பூசுதலையும் வெயில் காய்தலையும் விதிக்கிறது. வறண்ட குளிரில் தோல் வெடித்துச் சொறியும் வளி வாகினர்க்கு இது மிகவும் பொருந்தும். நண்பகலில், கதவடைத்த அறையில், வெந்நீரில் என்று சேர்த்துக்கொண்டால் போதும். பனிக்காலத்தில் பசித்தீ வலுக்கும், நெய்ப்பும் கனமும் உள்ள உணவு ஏற்கும் என்கிறது நூல். அப்பருவத்தில் இவ்வூரார் எள்ளுருண்டையும் கம்பு ரொட்டியும் வெண்ணெய் இட்ட கடுகுக்கீரையும் உண்பதைக் கண்டு நாம் முகம் சுளிக்க வேண்டுவதில்லை. அவர்தம் பாட்டியாரும் தம் தேசத்தையும் காலத்தையும் அறிந்தே சமைத்தனர்.

எல்லா வாகினரையும் ஒருங்கே தாக்கும் நோய்கள் பற்றியும் நூல் பேசுகிறது. சரக சங்கிதையில் இப்பகுதியே நமக்கு மிக வியப்பளிப்பது. இடம், பாஞ்சால நாட்டுக் காம்பில்ய நகர். இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பரூக்காபாத் மாவட்டத்தில், நமக்கு மிகத் தொலைவில்லாத ஊர். கங்கைக்கரையில் ஆத்திரேயர் மாணவருடன் உலவுகிறார். அக்கினிவேசர் வினவுகிறார்: வாகும் உணவும் உடலும் வலிமையும் வயதும் வெவ்வேறாய் இருக்க, ஒரே நோய் ஒரே காலத்தில் ஊர் முழுவதையும் அழிப்பது எவ்வாறு? ஆசிரியர் விடை பகர்கிறார்: அவையெல்லாம் வேறாயினும், காற்று, நீர், நிலம், காலம் ஆகிய நான்கும் எல்லார்க்கும் பொது, அவை கெட்டால் எவரும் தப்பார். கெட்ட காற்றின் அடையாளங்களுள் புகையையும் புழுதியையும் சேர்த்தே அவர் சொல்கிறார்.

2024 நவம்பர் 18ஆம் நாள் தில்லியின் காற்றுத்தரக் குறியீடு 490ஐத் தாண்டியது. அளவுகோலின் உச்சமே 500. அன்று பித்தர் எழுதினும் கபர் எழுதினும் நமக்கு வந்த கடிதம் ஒன்றே: கண் எரிகிறது, தொண்டை அறுக்கிறது, குழந்தை இருமுகிறது. இத்தகைய நாட்களில் மஞ்சட்பாலும் திரிகடுகமும் தொண்டைக்கு இதம் தரலாம். நுரையீரலுள் சென்ற நுண்துகளை அவை வெளியேற்றுவதில்லை. வாகு அறிந்து கசாயம் தருவோம் என்று பருவந்தோறும் விளம்பரம் செய்வோரை அன்பர்கள் ஆத்திரேயரின் விடைகொண்டு அளந்து பார்க்கலாம்.

நாம் வேண்டுவன சில. விடியற்காலை நடையைத் தலைநகரின் மூத்தோர் எளிதில் விட மாட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். எனினும் நவம்பர் முதல் சனவரி முடிய நஞ்சு நிலத்தருகே படிந்து நிற்பது அந்த வேளையில்தான். குறியீடு 300ஐக் கடந்த நாட்களில் நடையை நண்பகலுக்குப் பின் வைத்துக்கொள்க. 400ஐக் கடந்தால் வீட்டுக்குள்ளேயே நடக்க. வெளியே சென்றே தீரவேண்டின் துணியன்றி என்-95 முகக்கவசம் அணிக. ஆஸ்துமா உடையோர் மருத்துவர் குறித்த இன்ஹேலரை எக்காரணத்தாலும் நிறுத்தாமல், தீபாவளிக்கு முன்னரே ஒரு முறை அவரைக் கண்டு அளவைச் சரிபார்த்துக்கொள்க. வைத்தியரிடம் செல்வோர் தாம் உண்ணும் ஆங்கில மருந்துகளின் பட்டியலையும், மருத்துவரிடம் செல்வோர் தாம் உண்ணும் லேகியங்களின் பெயர்களையும் மறைக்காமல் எடுத்துச் செல்க.